நாயகன் தன்பாலீர்ப்பாளனாக இருக்கும் த்ரில்லர், சாகசக் கதைகள்: என்ன படிக்கலாம்?

கல்யாண்_ஸ்லோ

எல்லோருக்கும் வணக்கம். மும்பையில் தினமும் கல்யாணிலிருந்து மஸ்ஜித் பந்தர் போய்வருகிறவன். உட்கார இடம் வேண்டும் என்பதற்காகவே எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும் ஸ்லோ லோக்கலில் ஏறுவேன். நான் படிப்பது அந்த நேரத்தில் மட்டும்தான். வீட்டுக்கு வந்தால் டிவி சத்தம், அண்ணன் பிள்ளைகள், அப்புறம் தூக்கம்.

என் தமிழ் மாத நாவலில் வந்த தமிழ். நாங்கள் தாராவியில் இருந்தபோது திருநெல்வேலியிலிருந்து யார் வந்தாலும் ரயிலில் படித்துவிட்டு வந்த புத்தகத்தை எங்கள் வீட்டில் போட்டுவிட்டுப் போவார்கள். அட்டை கிழிந்த ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா. பள்ளியில் இந்தியும் மராத்தியும்தான். எழுத்துக்கூட்டித் தமிழ் படித்ததெல்லாம் “பிணத்தின் கண்கள் திறந்தே இருந்தன” மாதிரி வரிகளில். அம்மாவுக்கு இன்னும் அந்தப் பைத்தியம் விடவில்லை.

நான் கே, அதாவது தன்பாலீர்ப்பாளன். பெயர் போடாத இடம் என்பதால் சொல்வது எளிதாக இருக்கிறது. எனக்கு வேண்டியது என்னைப் போன்ற ஒருவன் நாயகனாக வரும் துப்பறியும் கதை, துரத்தல் கதை, கடல் கதை, எதுவானாலும் சரி. சில நிபந்தனைகள் உண்டு. ஹீரோ சாகக்கூடாது. கடைசி அத்தியாயத்தில் “அவன்தான் கொலைகாரன், காரணம் அவன் அப்படிப்பட்டவன்” என்று முடியக்கூடாது. அவன் கே என்பதே பெரிய திருப்பமாக வரக்கூடாது. முதல் பக்கத்திலேயே தெரிந்துவிட வேண்டும். அழுகாச்சி வேண்டாம்.

யாரிடம் கேட்டாலும் இலக்கியம் தருகிறார்கள். ‘பசித்த மானுடம்’ படித்துவிட்டேன், பெரிய நாவல்தான், மறுக்கவில்லை. ஆனால் ரயில் முலுண்டைத் தாண்டும்போது எனக்கு நெஞ்சு படபடக்க வேண்டும்; கனக்க வேண்டாம். தமிழில் இருந்தால் முதல் மரியாதை. ஆங்கிலமும் மெதுவாகப் படிப்பேன்.

இசட்_பிரிட்ஜ்

நம்ம ஏரியாவிலேயே ஒன்று இருக்கிறதே. ஜெர்ரி பிண்டோ எழுதிய ‘மர்டர் இன் மாஹிம்’. 2017இல் வந்தது. மாட்டுங்கா ரோடு ஸ்டேஷன் கழிப்பறையில் ஒரு இளைஞனின் உடல் வயிறு கிழிக்கப்பட்ட நிலையில் கிடக்கிறது. அங்கிருந்து தொடங்கும். நான் தினமும் அந்த ஸ்டேஷனை ஒட்டிய இசட் பிரிட்ஜ் ஏறி இறங்குகிற ஆள். அந்தப் புத்தகத்துக்குப் பிறகு அந்த ஸ்டேஷன் கழிப்பறைப் பக்கமே போவதில்லை. 2024இல் வெப் சீரிஸாகவும் எடுத்தார்கள், விஜய் ராஸ், அசுதோஷ் ராணா.

ஆனால் உங்கள் நிபந்தனையில் ஒன்று இடிக்கும். விசாரிக்கிறவர் ஓய்வுபெற்ற பத்திரிகையாளர் பீட்டர், கூட அவர் நண்பர் இன்ஸ்பெக்டர் ஜெண்டே. இருவரும் கே இல்லை. பீட்டருக்குத் தன் மகனைப் பற்றி ஒரு சந்தேகம், ஒரு பயம். கதையின் உள்வலி அதுதான். அப்பாவின் கண்ணால் பார்க்கும் கதை என்று வைத்துக்கொள்ளுங்கள். மும்பை மட்டும் அச்சு அசலாக இருக்கும். தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவைச் சுப்ரீம் கோர்ட் 2018 செப்டம்பர் 6 அன்றுதான் வெட்டியது. அதற்கு முந்தைய வருடம் வந்த புத்தகம் என்பதால் “போலீசிடம் போனால் நாமே உள்ளே போவோம்” என்ற பயம் ஒவ்வொரு பக்கத்திலும் இருக்கும்.

அன்று ஆண்கள் ஒருவரையொருவர் சந்தித்த கழிப்பறையின் இடத்தை இன்று டேட்டிங் ஆப் பிடித்துக்கொண்டது. போலி ப்ரொஃபைல், ஒரு அறை, நான்கு பேர், ஒரு வீடியோ, உடனே யுபிஐயில் பணம் அனுப்பு. இப்போது புகார் கொடுத்தால் மிரட்டிப் பணம் பறித்ததாக அவர்கள் மேல்தான் வழக்கு. ஆனாலும் யார் போகிறார்கள்? அதை வைத்து யாராவது நல்ல தமிழ் த்ரில்லர் எழுதலாம்.

சந்தேகப்_பேர்வழி

தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். துப்பறியும் கதையில் துப்பு முக்கியம், கொலை முக்கியம். துப்பறிகிறவர் வீட்டில் யாரோடு சாப்பிடுகிறார் என்பது எதற்கு? கதை நன்றாக இருந்தால் போதாதா?

கல்யாண்_ஸ்லோ

சார், ராஜேஷ்குமாரின் விவேக்குக்கு ரூபலா எதற்கு? பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்துக்கு சுசீலா எதற்கு? சுசீலாவின் பனியன் வாசகம் எந்தக் கொலையைக் கண்டுபிடித்தது? அதற்காகவே புத்தகம் வாங்கியவர்கள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள். அந்த வம்பு, அந்தச் சீண்டல் இல்லாமல் வெறும் துப்பு மட்டும் இருந்தால் நீங்களே படித்திருக்க மாட்டீர்கள். எனக்கும் அதே அளவு கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

சந்தேகப்_பேர்வழி

பனியன் வாசகம் பாயின்ட்தான். ஒத்துக்கொள்கிறேன்.

செம்பூர்_கிளைம்

தம்பி, உங்கள் நிபந்தனைகளைப் படித்ததும் நினைவுக்கு வந்தவர் டேவ் பிராண்ட்ஸ்டெட்டர். ஜோசஃப் ஹான்சன் என்ற அமெரிக்கர் உருவாக்கிய ஆள். முதல் நாவல் ‘ஃபேட்அவுட்’, 1970. கடைசி நாவல் 1991. மொத்தம் 12 புத்தகம், 12லும் இவர்தான் நாயகன். ஆரம்பத்திலேயே நமக்குத் தெரிந்துவிடுகிறது: இருபது வருடத்துக்கு மேல் கூட வாழ்ந்த துணைவரைப் புற்றுநோய்க்குக் கொடுத்துவிட்டு, அந்தத் துக்கத்தோடேயே வேலைக்குப் போகிறார். அழுகாச்சி இல்லை, பயப்படாதீர்கள். மனிதர் வேலை பார்க்கிறார்.

எனக்கு இவர்மேல் தனிப் பாசம் வர ஒரு காரணம் உண்டு. டேவ் போலீஸ் இல்லை. லாஸ் ஏஞ்சலிஸில் ஓர் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தில் இறப்பு கிளைம்களை விசாரிக்கிறவர். நானும் அதே பிழைப்புதான். பாலிசி எடுத்து 3 வருடத்துக்குள் ஆள் இறந்துவிட்டால் கோப்பு எங்கள் கைக்கு வரும். 3 வருடம் தாண்டிவிட்டால் இன்சூரன்ஸ் சட்டம் 45ஆம் பிரிவுப்படி பாலிசியைக் கம்பெனி கேள்வி கேட்க முடியாது. அதனால் அந்த மூன்று வருடச் சாவுகளுக்குத்தான் எங்கள் அலைச்சல் எல்லாம். ஆஸ்பத்திரி, மருந்துக்கடை, சுடுகாட்டு ரசீது, விபத்து என்றால் எஃப்ஐஆர், பஞ்சநாமா, போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட், அப்புறம் வாட்ச்மேன், பக்கத்து வீட்டு அம்மா. துப்பாக்கி எல்லாம் கிடையாது. ஒரு பைக், ஒரு பிளாஸ்டிக் ஃபைல்.

‘ஃபேட்அவுட்’ கதை இதுதான்: மழை நாளில் பாலத்திலிருந்து ஒரு கார் ஆற்றில் விழுந்துவிட்டது. ஓட்டியவர் அந்த ஊரே கொண்டாடும் வானொலிக்காரர். கார் கிடைத்தது, உடல் கிடைக்கவில்லை. உடல் எங்கே என்று கேட்டுக்கொண்டு டேவ் போய் நிற்கிறார். படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. நம் ஊரில் உடல் கிடைக்காவிட்டால் அநேகமாக 7 வருடம் காத்திருக்க வேண்டும். அப்புறம்தான் கோர்ட்டில் போய் இறந்ததாகக் கருதும்படி உத்தரவு வாங்கலாம். அதுவரை குடும்பம் பிரீமியத்தையும் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இதை ஒரு வீட்டில் உட்கார்ந்து சொல்லிப் பாருங்கள், அவர்கள் முகம் எப்படிப் போகிறது என்று.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். கே நாயகன் உள்ள பழைய சஸ்பென்ஸ் கதைகள் பெரும்பாலும் ஒரே மோட்டாரில் ஓடின: அவனிடம் ஒரு ரகசியம், இன்னொருவனிடம் ஒரு புகைப்படம். பிளாக்மெயில். இங்கிலாந்தில் 1961இல் ‘விக்டிம்’ என்று ஒரு படம். டர்க் போகார்ட் வக்கீலாக வருவார், மிரட்டுகிற கும்பலைத் தேடிப் போவார். அப்போது அங்கே தன்பாலுறவு சட்டப்படி குற்றம், 1967இல்தான் நீக்கினார்கள். பிளாக்மெயில்காரர்களின் சாசனம் என்றே அந்தச் சட்டத்துக்குப் பட்டப்பெயர். படம் அருமை, அந்தக் காலத்தில் எடுத்தது பெரிய தைரியம். ஆனால் அதே மோட்டாரை அப்புறமும் ஓட்டிக்கொண்டே இருந்தால், நாயகன் கதை முழுக்கப் பயந்துகொண்டே இருக்க வேண்டும். பயந்தவன் எங்கே துப்பறிவது?

ஹான்சன் அந்த மோட்டாரைக் கழற்றி வைத்துவிட்டார். டேவைப் பற்றி அப்பாவுக்குத் தெரியும். கம்பெனியே அப்பாவுடையதுதான். டேவிடம் யாராவது “உன்னைப் பற்றிச் சொல்லிவிடுவேன்” என்றால், “சொல்லு” என்று போய்க்கொண்டே இருப்பார். ஆக, ரகசியம் எல்லாம் மற்றவர்களிடம் போய்ச் சேர்கிறது. மரியாதையான குடும்பம், சர்ச், வங்கி, மேயர் என்று அவர்கள் மூடி வைத்திருப்பதை இவர் திறக்கிறார். மூடி வைத்து வாழ்வது எப்படி இருக்கும் என்று அறிந்தவர் என்பதால் மற்றவர்கள் பார்க்காததைப் பார்க்கிறார். சந்தேகப்_பேர்வழி சார் கேட்டதற்கு என் பதில் இதுதான். யாரோடு சாப்பிடுகிறார் என்பதும் துப்பறிவதும் இவர் விஷயத்தில் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன.

கதையில் மட்டும் என்று நினைக்காதீர்கள். ஒரு கோப்பு சொல்கிறேன், ஆள் அடையாளம் எல்லாம் விட்டுவிடுகிறேன். இளம் வயதுச் சாவு, காய்ச்சல் முற்றிப் போனது. மகன் தனியாக இருந்தான் என்று குடும்பம் சொன்னது. வாடகை ஒப்பந்தத்தில் இரண்டு பெயர். ஆஸ்பத்திரியில் சேர்க்கும் படிவத்தில் கையெழுத்துப் போட்டது அந்த இரண்டாவது பெயர். நான் போன நாளில் கூடத்தில் சொந்தக்காரர்கள் நிறைய. செருப்பு விடும் இடத்தருகே சுவரில் சாய்ந்து ஒருவர் நின்றார், யாரும் காபி கொடுக்கவில்லை. எந்த மருந்து எத்தனை மணிக்கு என்று கேட்டபோது அம்மா என்னைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தார். கூட வந்த ஜூனியர் பையன் வெளியே வந்ததும், “சார், எதையோ மறைக்கிறார்கள், ஃப்ராடு” என்றான். மறைத்தார்கள்தான். ஆனால் அது ஃப்ராடு இல்லை. பாலிசி எடுக்கும் முன் நோய் இருந்ததா என்பதுதான் எனக்கு வேலை. இல்லை என்று எழுதினேன். செருப்பு விடும் இடத்தில் நின்றவரைப் பற்றி ரிப்போர்ட்டில் எழுத எந்தக் கட்டமும் இல்லை, நானும் எழுதவில்லை.

ஹான்சனில் குறை இல்லாமல் இல்லை. வீட்டு ஜன்னல், மேஜை, செடி, கார் நிறம் என்று வர்ணித்துக்கொண்டே இருப்பார். பெண் பாத்திரங்கள் சில இடத்தில் தட்டை. ஒவ்வொரு அத்தியாயத்திலும் குடி. ஆனால் புத்தகம் சின்னது, உங்கள் ஸ்லோ லோக்கலில் சீக்கிரமே முடிந்துவிடும். வரிசையாகப் படியுங்கள்; டேவுக்கு வயதாகிக்கொண்டே போகும், செசில் என்ற இளைஞர் துணையாக வருவார். எய்ட்ஸ் காலமும் வரும், 1987இல் வந்த ‘எர்லி கிரேவ்ஸ்’ அதைப் பற்றியதுதான். அது கொஞ்சம் கனக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

ஹான்சன் பிடித்தால் அடுத்தது மைக்கேல் நவா. ஹென்றி ரியோஸ் என்ற மெக்சிகோ வம்சாவளி வக்கீல். முதல் நாவல் 1986. கோர்ட் காட்சி பிடிக்கும் என்றால் இதிலிருந்தே தொடங்கலாம்.

சயான்_சங்கரி

தலைப்பில் சாகசம் என்றும் போட்டிருக்கிறீர்கள், அதை யாரும் கவனிக்கவில்லை. எல்லோரும் பிணத்தைச் சுற்றியே நிற்கிறார்கள்.

மேரி ரெனால்ட் எழுதிய ‘தி பெர்ஷியன் பாய்’. 1972. அலெக்சாண்டர் கதை. ஆனால் கதை சொல்வது பகோவாஸ். சிறுவயதில் காயடித்து விற்கப்பட்டு, பாரசீக அரசன் தரியுஸின் அரண்மனைக்குப் போய், அங்கிருந்து அலெக்சாண்டரிடம் வந்து சேர்ந்தவன். தொடக்கம் கொடுமையானது, அதைத் தாண்டிவிடுங்கள். அதன் பிறகு பனிமலை, பாலைவனம், சதி, முற்றுகை. இந்தியாவுக்கும் வருகிறார்கள்! பியாஸ் ஆற்றங்கரையில் இனிமேல் ஒரு அடியும் வைக்க மாட்டோம் என்று படைவீரர்கள் உட்கார்ந்துவிட்டார்களே, பள்ளியில் நான் வருடாவருடம் சொல்லிக்கொடுத்த பாடம். புத்தகத்தில் படித்தபோதுதான் அந்த மழையும் சகதியும் எனக்குத் தெரிந்தது.

உங்கள் முதல் நிபந்தனை இதில் செல்லாது தம்பி. அலெக்சாண்டர் 32 வயதில் போய்விட்டார், அதற்கு ரெனால்ட் அம்மாள் என்ன செய்வார்? ஆனால் கதை சொல்கிறவன் பிழைக்கிறான்.

கிங்ஸ் சர்க்கிள் பிளாட்பாரக் கடைகளில் ரெனால்ட் தட்டுப்படுவதுண்டு. அவர்கள் அதை வரலாறு அடுக்கில் வைத்திருப்பார்கள், நாவல் அடுக்கில் தேடாதீர்கள். ஹான்சனை அங்கே நான் பார்த்ததில்லை.

கல்யாண்_ஸ்லோ

அக்கா, அண்ணா, இசட் பிரிட்ஜ், எல்லோருக்கும் நன்றி. ‘ஃபேட்அவுட்’ கிண்டிலில் இறக்கிவிட்டேன். முதல் அத்தியாயம் தானே ஸ்டேஷன் வந்ததும் முடிந்தது, நடுவில் எந்த ஸ்டேஷன் போனது என்றே தெரியவில்லை.

ஆனால் தமிழில் ஒன்றும் வரவில்லையே. இத்தனை பேர் படிக்கிறோம், ஒருவர் கூடத் தமிழ்ப் புத்தகம் சொல்லவில்லை. அண்ணா, நீங்கள் ஏன் எழுதக்கூடாது? அந்தச் செருப்புப் பக்கம் நின்றவர் ஒருவர் போதும்.

செம்பூர்_கிளைம்

அவரை விட்டுவிடுங்கள் தம்பி, அவர் கதைக்கு ஆகாது. அது நடந்தது.

எழுத எனக்கு வராது. ரிப்போர்ட் தமிழும் வராது, கதைத் தமிழும் வராது. முடிச்சு ஒன்று தருகிறேன், நீங்கள் எழுதுங்கள்.

நாமினி. அதில்தான் விஷயம் இருக்கிறது. பாலிசியில் நாமினி பெயர் போட்டால் பணம் அவருக்கே என்று ஊரே நினைத்துக்கொண்டிருக்கிறது. 2015இல் இன்சூரன்ஸ் சட்டத்தின் 39ஆம் பிரிவைத் திருத்தினார்கள். பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே சொந்தம். வேறு யாராக இருந்தாலும் அவர் வாங்கிக் கொடுக்கும் கை மட்டுமே. வாரிசு கேட்டால் கொடுத்தாக வேண்டும். 2023 அக்டோபர் 17 தீர்ப்பில் சுப்ரீம் கோர்ட் ஒரேபாலினத் திருமணத்தை ஏற்கவில்லை, ஆக நம் ஆள் எத்தனை வருடம் கூட வாழ்ந்தாலும் ‘கணவன்’ கட்டத்தில் வர முடியாது. 2024 ஆகஸ்டில் நிதி அமைச்சகம் கூட்டு வங்கிக் கணக்கு வைக்கலாம், துணையை அதில் நாமினியாகப் போடலாம், தடை இல்லை என்று தெளிவுபடுத்தியது. நல்லதுதான். வாரிசு யார் என்ற கேள்வியை அது தொடவில்லை. எங்கள் வீட்டில் இதனாலேயே இருவரும் உயில் எழுதி வைத்திருக்கிறோம்.

இப்போது கதை. பெற்றோர் இல்லாதவன், கல்யாணம் ஆகாதவன், ஒரே ஒரு அண்ணன். சிவ்ரி பக்கம் ரயில்பாதையில் இறந்து கிடக்கிறான். பெரிய தொகைக்குப் பாலிசி, எடுத்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. நாமினி: நண்பர். போலீஸ் யாரைப் பிடிக்கும்? நண்பரைத்தான். பத்திரிகையும் அவரைத்தான் எழுதும். விசாரிக்கப் போகிற கிளைம் ஆசாமி நம் ஹீரோ. சந்தேகம் முழுக்க நாமினி மேல், லாபம் முழுக்க அண்ணனுக்கு என்பது அவனுக்கு மட்டும் உறைக்கிறது. ஏன் உறைக்கிறது? தன் வீட்டுப் பாலிசியில் அவன் ஏற்கெனவே இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவன்.

ஹீரோவுக்கு ஒரு துணையும் வையுங்கள். பனியன் வாசகமும் வையுங்கள், சார் ஒத்துக்கொண்டுவிட்டார்.

இசட்_பிரிட்ஜ்

பாஸ், இது ஓடும். நண்பரைப் பிடித்த இன்ஸ்பெக்டரிடம் ஹீரோ பேசும் காட்சியை வடாலா ரோடு ஸ்டேஷனில் வையுங்கள். ஹார்பர் லைனில் இதுவரை யாரும் துரத்தவே இல்லை.

சந்தேகப்_பேர்வழி

ஒரு சந்தேகம். அண்ணன்தான் கொன்றான் என்று நிரூபணம் ஆகிவிட்டால் பணம் அவனுக்குப் போகாதே? கொலைகாரன் சொத்து வாங்க முடியாது என்று சட்டம் இருக்கிறதல்லவா?

செம்பூர்_கிளைம்

இருக்கிறது. இந்து வாரிசுரிமைச் சட்டம், 25, 27ஆம் பிரிவுகள். கொன்றவன் முன்னாலேயே இறந்துபோனதாகக் கணக்கு. வரிசையில் அடுத்தவருக்குப் போகும். இந்தக் கதையில் அது அண்ணன் மகன்.

சந்தேகப்_பேர்வழி

அண்ணன் மகனுக்கு என்ன வயது?

செம்பூர்_கிளைம்

இருபத்திரண்டு. லா காலேஜில் படிக்கிறான்.

சந்தேகப்_பேர்வழி

கல்யாண்_ஸ்லோ தம்பி, சீக்கிரம் எழுதுங்கள்.